ஆறு டிஸ்க்கை எப்படி அடுக்குவது: பினாங்கு அலுவலகம் ஒன்றின் பேக்அப் சர்வர்

ஜார்ஜ்டவுனில் 14 பேர் வேலை செய்யும் ஒரு கணக்காய்வு அலுவலகத்துக்கு ஆறு ஆண்டுகளாகக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். அதை நடத்தும் அக்கா போன மாதம் கூப்பிட்டு, "தம்பி, பேக்அப்புக்குத் தனியா ஒரு சர்வர் வேணும்னு ரெண்டு வருஷமா சொல்றீங்க. இந்த வருஷம் போட்டுடலாம். 8 டெராபைட் டிஸ்க் ஆறு வாங்கக் காசு ஒதுக்கியாச்சு. எப்படி அடுக்கப் போறீங்கன்னு மட்டும் எனக்குப் புரியுற மாதிரி எழுதிக் கொடுங்க" என்றார். அவருக்கு இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே விரிவாக வைக்கிறேன். சின்ன அலுவலகங்களில் இதே முடிவை எடுக்க வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் "எதில் அதிக இடம் கிடைக்கும்" என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தொடங்கினேன். அது தவறான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எவ்வளவு இடம் உண்மையிலேயே வேண்டும்

அலுவலகத்தில் இப்போது இருப்பது ஏறத்தாழ 4 டெராபைட். ஒரு நாளில் மாறுவதும் சேர்வதும் 20 கிகாபைட் அளவு. 30 தினசரி நகல் வைத்தால் 0.6 டெராபைட். 12 மாதாந்திர நகலுக்கு 1.8 என்று கணக்கு வைத்தேன். ஆண்டுக்கு 0.7 வீதம் வளர்ந்தால் ஐந்து ஆண்டுக்கு 3.5. எல்லாம் சேர்த்து 9.9 டெராபைட். டிஸ்க்கை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது என் விதி. ஆகவே கையில் இருக்க வேண்டியது 12.4 டெராபைட்.

இங்கே அக்கா ஒரு நல்ல கேள்வி கேட்டார். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது, வருமான வரிச் சட்டமும் அதே 7 ஆண்டைத்தான் கேட்கிறது. அப்படியானால் பேக்அப்பும் 7 ஆண்டுக்கு இருக்க வேண்டாமா? வேண்டியதில்லை. அந்த ஆவணங்கள் 7 ஆண்டும் கோப்பு சர்வரிலேயே இருக்கின்றன. பேக்அப் காப்பாற்ற வேண்டியது அந்த சர்வரின் இன்றைய நிலையையும், கொஞ்ச தூரம் பின்னோக்கிய நிலைகளையும். ஆண்டுக்கு ஒரு நகலைக் கூடுதலாக நிறுத்தி வைத்தாலும் மாறாத கோப்புகள் இரண்டாம் முறை இடம் பிடிக்காது. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலர் தேவையைப்போல மூன்று மடங்கு டிஸ்க் வாங்கிவிடுகிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். 8 டெராபைட் என்று பெட்டியில் போட்டிருக்கும் டிஸ்க், கணினியில் 7.28 என்று காட்டலாம். டிஸ்க் குறைந்துவிடவில்லை. தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1024ஆல் வகுக்கிறது. என் கணக்கு முழுவதும் பெட்டியில் இருக்கும் எண்ணில்தான்.

ஒற்றைக் காலில் நிற்கும் நேரம்

முன்பு நான் பார்த்துக்கொண்டிருந்த வேறோர் இடத்தில் நான்கு டிஸ்க் ரெய்டு-5 பெட்டி ஒன்று இருந்தது. ரெய்டு என்றால் டிஸ்க் போனாலும் தகவல் மிஞ்சும்படி பல டிஸ்க்கைச் சேர்த்து அடுக்குவது, அதில் பல வகை உண்டு. ரெய்டு-5இல் ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் எல்லாம் போகும். தைப்பூசத்துக்கு முந்தின நாள் ஒரு டிஸ்க் போயிருக்கிறது. எல்லாரும் தண்ணீர்மலைக் கோயிலில் இருந்தார்கள். பெட்டி பூட்டிய அறையில் கத்திக்கொண்டே இருந்தது, கேட்க ஆள் இல்லை. மூன்று நாள் கழித்துப் புது டிஸ்க் போட்டேன். மீதி டிஸ்க்குகளைப் படித்துப் புது டிஸ்க்கில் தகவலை மறுபடி எழுதும் மறுகட்டமைப்பு பாதியைத் தாண்டியபோது மீதியிருந்த மூன்றில் ஒன்று படிப்பதில் பிழை காட்டியது. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டு அந்த டிஸ்க்கையும் வெளியே தள்ளிவிட்டது. அதோடு முடிந்தது. அன்று அந்த அறையில் நின்றிருந்த நேரத்தை நான் மறக்கவில்லை.

அதிலிருந்து எந்த அமைப்பைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். ஒரு டிஸ்க் போனபின் இது எத்தனை மணி நேரம் ஒற்றைக் காலில் நிற்கும்? அந்த நேரத்தில் இன்னொரு சின்னக் கல் தடுக்கினால் என்ன ஆகும்?

8 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 180 மெகாபைட் வேகத்தில் முழுதாக எழுத 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது சர்வர் வேறு வேலையே செய்யாதபோது கிடைக்கும் வேகம். இரவு பேக்அப்பும் சேர்ந்து ஓடினால் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் போனதை ஆள் கவனிக்கும் வரை ஆகும் நேரம், புது டிஸ்க் வாங்கி வரும் நேரம் எல்லாம் இதற்கு மேல். பேக்அப் சர்வர் விஷயத்தில் இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. அது உண்மையில் தேவைப்படுகிற நாளில் முதன்மை சர்வர் ஏற்கெனவே படுத்திருக்கும். இரவும் பகலும் டிஸ்க்குகளைப் போட்டு உருட்டுவோம். பழைய டிஸ்க் ஒன்று போவதற்கு அதைவிடத் தோதான நாள் கிடையாது.

வழிகள்

ஆறில் நான்கு டிஸ்க்கைத்தான் பெட்டிக்குள் போடுகிறேன், மீதி இரண்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ரெய்டு-5ஐ முதலிலேயே தள்ளிவிட்டேன். நான்கு 8 டெராபைட் டிஸ்க்கில் ஒன்று போனால், மறுகட்டமைப்புக்கு மீதி மூன்றையும், அதாவது 24 டெராபைட்டை, ஒரு பிழையும் இல்லாமல் படிக்க வேண்டும். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் 10இன் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்று போட்டிருக்கும். அது 12.5 டெராபைட்டுக்கு ஒரு பிழை. நல்ல தரமான டிஸ்க்கில் ஒரு பிழைக்கு முன் அதைப்போலப் பத்து மடங்கு படிக்கலாம். நடைமுறையில் டிஸ்க்குகள் இந்த எண்ணைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, அதனால் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனாலும் பேக்அப் என்ற கடைசிக் கையிருப்பை இப்படி ஒரு ஓரத்தில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ரெய்டு கார்டில் வேறொரு தொல்லையும் உண்டு: கார்டு போனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த கார்டைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது லினக்ஸின் சொந்த மென்பொருள் ரெய்டு-6, அதன் மேல் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. இது உழைக்கிற அமைப்பு. எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். டிஸ்க்குகளைக் கழற்றி வேறு எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் எழுந்துவிடும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தானாகவே சரிபார்ப்பு ஓடும். பல ஆண்டு நான் இதைத்தான் போட்டேன், யாராவது இதை வைத்திருந்தால் மாற்று என்று சொல்ல மாட்டேன். குறை ஒன்றுதான். டிஸ்க் "இதோ தகவல்" என்று தவறான பிட்டைக் கொடுத்தால் இதற்குத் தெரியாது. சரிபார்ப்பில் முரண்பாடு தென்பட்டாலும், தகவல் தவறா, அதை மீட்கக் கூடவே எழுதி வைத்த சமன்பாட்டுப் பகுதி தவறா என்று பார்க்காது, எண்ணி மட்டும் வைக்கும். சரிசெய்யச் சொன்னால் சமன்பாட்டை மறுபடி கணக்கிட்டு எழுதிவிடும்.

மற்ற சர்வரில் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அங்கே கோப்பை யாராவது திறந்து பார்ப்பார்கள். பேக்அப்பில் இருப்பதை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. கெட்டுப்போனால் கேட்பாரில்லை, தேவைப்படும் அன்றுதான் தெரியும். டிஸ்க் அடுக்குவதையும் தானே செய்யும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் பக்கம் நான் சாய்வதற்கு இதுதான் முழுக் காரணம். 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட காலத்திலிருந்தே அது ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்பு எண் வைக்கிறது. படிக்கும்போது பொருந்தவில்லை என்றால் மற்ற டிஸ்க்கிலிருந்து சரியானதை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்தி எழுதுகிறது. மாதம் ஒருமுறை, எழுதி வைத்த எல்லாவற்றையும் இப்படித் துருவச் சொல்லலாம். ரெஸ்டிக், போர்க், பிராக்ஸ்மாக்ஸ் பேக்அப் சர்வர் போன்ற பேக்அப் மென்பொருள்களும் தங்கள் துண்டுகளுக்குச் சரிபார்ப்பு எண் வைக்கின்றன. ஆனால் அவை கெட்டதைக் கண்டுபிடிக்கும், கீழே இருக்கும் டிஸ்க் அமைப்புதான் திருத்த முடியும்.

லினக்ஸின் இன்னொரு கோப்பு முறைமையான பிடிஆர்எஃப்எஸ்ஸைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இரண்டு டிஸ்க் ஜோடியாக வைக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதன் ரெய்டு-5, ரெய்டு-6 முறைகளை அதை உருவாக்குகிறவர்களே முக்கிய வேலைக்குப் பரிந்துரைப்பதில்லை.

ஜோடியா, ரெய்டு-இசட்2ஆ

உண்மையான போட்டி இங்கேதான், அதனால் இதில் நேரம் செலவழித்தேன். நான்கு டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும்படி இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்தாலும் 16 டெராபைட். நான்கையும் சேர்த்து, எந்த இரண்டு போனாலும் தாங்கும் இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டு-இசட்2 செய்தாலும் 16 டெராபைட். இடம் சமம், தேவையான 12.4ஐ இரண்டுமே தாண்டுகின்றன. ஆகவே இடத்தை மறந்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

ஜோடி முறை வேகமானது. நான்கு டிஸ்க்கும் தனித்தனியாகப் படிக்கும். ரெய்டு-இசட்2இல் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களைப் படிக்கும்போது நான்கும் சேர்ந்து ஏறக்குறைய ஒரே டிஸ்க் வேகத்தில்தான் ஓடும். டிஸ்க் மாற்றும்போதும் ஜோடி முறையில் பங்காளி டிஸ்க்கிலிருந்து நேராகப் பிரதி எடுத்தால் போதும், மற்ற இரண்டுக்கும் சுமை இல்லை. நாளை இடம் போதவில்லை என்றால் இன்னொரு ஜோடியைச் சேர்க்கலாம். இந்த விஷயத்தில் ரெய்டு-இசட் பல ஆண்டு பின்தங்கியிருந்தது. இசட்எஃப்எஸ்ஸின் திறந்த மூல வடிவமான ஓப்பன் இசட்எஃப்எஸ்ஸில், 2025 ஜனவரியில் வந்த 2.3 பதிப்பு ஒவ்வொரு டிஸ்க்காகச் சேர்க்க வழி செய்துவிட்டது. ஏற்கெனவே எழுதியவை மறுபடி எழுதப்படும் வரை பழைய விகிதத்திலேயே இருக்கும், அவ்வளவுதான்.

இனி ஒற்றைக் கால் கேள்வி. ஜோடி முறையில் ஒரு டிஸ்க் போனபின் மூன்று மீதி. அடுத்து போவது அதன் பங்காளியாக இருந்தால் எல்லாம் போச்சு, அதற்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. டிஸ்க் முழுதாகப் போகாமல் பங்காளியில் ஓரிடம் மட்டும் படிக்க முடியாமல் இருந்தாலும், அந்தத் தகவலுக்கு வேறு பிரதி கிடையாது. எந்தக் கோப்பு போனது என்று இசட்எஃப்எஸ் பெயர் சொல்லும், ஆனால் கொண்டுவந்து தராது. ரெய்டு-இசட்2இல் ஒன்று போன பிறகும் இன்னொரு பாதுகாப்பு மிச்சம் இருக்கிறது. மறுகட்டமைப்பின்போது எந்த டிஸ்க்கில் பிழை வந்தாலும் சொந்தமாகத் திருத்திக்கொள்ளும். இரண்டாவது முழுதாகப் போனால்தான் அது ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்குகிறது.

சரி, வேகத்தை விட்டுக்கொடுத்தால் எவ்வளவு இழப்பு? அக்காவின் அலுவலகத்தில் இருப்பது கிகாபிட் வலை. அதில் நொடிக்கு 110 மெகாபைட் போகும், 4 டெராபைட்டைத் திரும்ப எடுக்க ஏறத்தாழ 10 மணி நேரம். டிஸ்க்கை இரட்டிப்பு வேகமாக்கினாலும் அந்த 10 மணி குறையாது. ஆகவே இங்கே ரெய்டு-இசட்2. வலை 10 கிகாபிட்டாக இருந்தால், அல்லது பேக்அப் சர்வரிலிருந்தே மெய்நிகர் கணினிகளை நேராக ஓட்டும் திட்டம் இருந்தால், நான் ஜோடியைத்தான் எடுத்திருப்பேன். கோலாலம்பூரில் காணொலி தொகுக்கும் நண்பர் ஒருவருக்கு ஜோடிதான் போட்டுக் கொடுத்தேன், அங்கே அதுவே சரி.

ஒரே ஒரு இடத்தில் வேகக் குறைவு உறுத்தும். பேக்அப் மென்பொருள் தகவலைச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைக்கிறது. 10 டெராபைட்டைச் சராசரி 2 மெகாபைட் துண்டாக வெட்டினால் 5 மில்லியன் கோப்பு. பழைய துண்டுகளைக் கழிக்கும்போது அத்தனையையும் ஒருமுறை தொட வேண்டும். சுழலும் டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் இழுக்கும். இதற்கு இசட்எஃப்எஸ்ஸில் இரண்டு மருந்து உண்டு. ஒன்று, கோப்பு விவரங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் சிறப்பு எஸ்எஸ்டி. வேகம் அபாரம். ஆனால் அது போனால் மொத்தமும் போகும், அதனால் அதுவும் ஜோடியாக இருக்க வேண்டும். ரெய்டு-இசட் உள்ள இடத்தில் ஒருமுறை சேர்த்துவிட்டால் பிறகு எடுக்கவும் முடியாது. மற்றொன்று, ஒரே ஒரு எஸ்எஸ்டியை இரண்டாம் நிலை தற்காலிக நினைவகமாக வைத்து, அதில் விவரங்களை மட்டும் சேமி என்று சொல்வது. அது இன்றே எரிந்து போனாலும் ஒரு தகவலும் இழக்க மாட்டோம். 2020இல் வந்த 2.0 பதிப்புக்குப் பிறகு சர்வரை அணைத்து ஏற்றினாலும் அதில் இருப்பது மிஞ்சும். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

மீதி இரண்டு டிஸ்க்

அக்காவுக்கு ஆச்சரியம் இங்கேதான். ஆறையும் ஒரே பெட்டியில் போட்டு ரெய்டு-இசட்2 செய்தால் 32 டெராபைட் கிடைக்குமே, ஏன் நான்கோடு நிறுத்துகிறீர்கள் என்றார். ரெய்டு என்பது டிஸ்க் போவதற்கு மட்டும் காப்பு. இடி இறங்குவதற்கோ, தீப்பிடிப்பதற்கோ, திருடனுக்கோ, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயநிரலுக்கோ அது காப்பு இல்லை. நான்கு டிஸ்க்கில் தேவையான இடம் வந்துவிட்டபின், ஐந்தாவதும் ஆறாவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்து செய்யக்கூடியது குறைவு. வெளியே இருந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு.

ஆகவே அவை இரண்டும் தனித்தனி டிஸ்க், ரெய்டு கிடையாது. அண்மைய நிலையும் 30 தினசரி நகலும் ஒவ்வொன்றிலும் போகும். இன்றைக்கு அது 4.6 டெராபைட், ஆண்டுக்கு 0.7 கூடினால் இரண்டரை ஆண்டில் என் 80 விழுக்காட்டு எல்லையைத் தொடும், அப்போது பெரிய டிஸ்க்குக்கு மாறலாம். வெள்ளிக்கிழமை ஒன்று அலுவலகத்துக்கு வரும், மற்றது அக்காவோடு பாலத்தைத் தாண்டி பட்டர்வொர்த் வீட்டுக்குப் போகும். கடல் நடுவில் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் வெள்ளம் தீவையும், பட்டர்வொர்த் இருக்கும் அக்கரைப் பகுதியான செபராங் பிறையையும் ஒரே நேரத்தில் மூழ்கடித்தது. அக்கா வீடு ஏழாவது மாடியில் இருப்பதால்தான் அதைத் தேர்ந்தோம்.

வாடிக்கையாளர்களின் கணக்கு உள்ளே இருப்பதால் இரண்டையும் லினக்ஸின் லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்கிறேன். சாவியைத் தாளில் அச்சிட்டு, டிஸ்க் இல்லாத வேறோர் இடத்தில் வைக்கிறோம். எடுத்துப் போக நுரை வைத்த பெட்டி வாங்கச் சொன்னேன். என் அம்மா பாயான் லெப்பாஸில் ஹார்ட் டிஸ்க் பாகம் செய்யும் தொழிற்சாலையில் பல ஆண்டு வேலை பார்த்தவர். தூசி இல்லாத அறையில் தலை முதல் கால் வரை மூடிய உடுப்போடு நின்ற கதைகளைச் சொல்வார். தகட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் தலை அது. அதைக் கைப்பையில் தொப்பென்று போடுவதைப் பார்த்தால் அம்மாவுக்கு இன்றும் பொறுக்காது.

இனி சில்லறை முடிவுகள். இயங்குதளத்துக்குத் தனியாக இரண்டு சின்ன எஸ்எஸ்டி, ஜோடியாக. தகவல் டிஸ்க்குகளில் இயங்குதளம் கலந்தால், பெட்டி கெட்டுப்போகும் நாளில் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கணினிக்கு மாற்றுவது சிக்கலாகிவிடும். டிஸ்க் ஒரே தடவையில் எழுதும் மிகச் சின்னப் பகுதியான செக்டரின் அளவை 4,096 பைட்டாக ஆரம்பத்திலேயே குறிப்பிட வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை. தகவலைச் சுருக்கி எழுத எல்இசட்4 முறை உண்டு. ஒரே தகவலை இரண்டு முறை எழுதாமல் தவிர்க்கும் இசட்எஃப்எஸ்ஸின் நகல் நீக்கம் வேண்டாம், பேக்அப் மென்பொருளே அதைச் செய்வதால் இரண்டாம் முறை செய்து நினைவகத்தைத் தின்பதில் பயனில்லை. மொத்த இடத்துக்கு 80 விழுக்காட்டில் உச்சவரம்பு. இந்த சர்வருக்கு அலுவலகத்தின் எந்தக் கடவுச்சொல்லும் பொருந்தாது. முதன்மை சர்வர் இதற்குள் எழுத முடியாது, இதுதான் போய் இழுத்துக்கொள்ளும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் டிஸ்க்குகள் மலிவாகக் கிடைக்கும், எஸ்எம்ஆர் என்பார்கள். தொடர்ந்து எழுதும்போது வேகம் விழுந்துவிடும், 12 மணி நேர மறுகட்டமைப்பு நாள்கணக்கில் போகும். விவரத்தாளில் சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை, என்று கண்ணால் பார்த்த பிறகே காசு கொடுங்கள். ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து ஆறையும் எடுக்காமல், கொம்தார் பக்கத்துக் கடை ஒன்றில் மூன்று, இணையத்தில் மூன்று என்று பிரித்தேன். ஒரே தயாரிப்புத் தொகுதியில் குறை இருந்தால் எல்லாம் ஒன்றாகப் போகக்கூடும்.

ஆறும் வந்து, ஒவ்வொன்றையும் நான்கு முறை முழுதாக எழுதி நான்கு முறை படித்துப் பார்க்கும் சோதனை ஓடுகிறது. 8 டெராபைட்டுக்கு நான்கு நாளுக்கு மேல் ஆகிறது, அக்காவும் காத்திருக்கச் சம்மதித்தார். மூன்றாம் நாள் ஐந்தாவது டிஸ்க் கெட்டுப்போன எட்டு செக்டரை மாற்றிவைத்ததாகக் காட்டியது. அது கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. மாற்று டிஸ்க் புதன்கிழமை வருகிறது, அதற்கும் அதே நான்கு நாள்.